பல்லக்கில் வந்த தளபதி… ஆரணிக் கோட்டையைத் தொட முடியாமல் திரும்பிய கதை!

ஆரணி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பட்டுப்புடவை. முகூர்த்த மாதம் வந்துவிட்டால் திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக ஆரணிக்குப் படையெடுப்பார்கள். புவிசார் குறியீடு வாங்கிய பட்டு அது.

ஆனால், 240 வருடங்களுக்கு முன்னால் நிஜமாகவே ஒரு படையெடுப்பு இந்த ஊரை நோக்கி வந்தது. அதன் தளபதி குதிரையில் கம்பீரமாக வரவில்லை. பக்கவாதத்தால் தளர்ந்த உடம்பு. நீண்ட பயணத்துக்குப் பல்லக்குதான் துணை. அவர் குறிவைத்து வந்தது ஆரணிப் பட்டும் இல்லை, பொன்னும் இல்லை. ஆரணிக் கோட்டையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்த தானியத்தைத்தான் முக்கியமாகக் குறிவைத்தார்!

அவர் பெயர் சர் அயர் கூட். பள்ளிக்கூடத்தில் 'வந்தவாசிப் போர், 1760' என்று மனப்பாடம் செய்தோமே, அந்தப் போரில் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்தவர் இவர்தான். ஸ்காட்லாந்து, வங்காளம், வந்தவாசி, புதுச்சேரி, பரங்கிப்பேட்டை, சோளிங்கர் என்று களம் பல கண்டவரின் கடைசிப் பெரிய போர் நடந்தது ஆரணியில்.

அயர்லாந்துப் பையன்

1726-ல் அயர்லாந்தில் பிறந்தவர் கூட். இருபது வயது நிரம்பும் முன்பே பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தார். 1745-ல் ஸ்காட்லாந்தில் வெடித்த கிளர்ச்சியை அடக்கப் போன படையில் அவரும் ஒருவர். அங்கே தொடங்கியது அவருடைய போர் வாழ்க்கை.

1754-ல் இந்தியாவுக்கு வந்தார். அதுவரை இங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தது கிழக்கிந்தியக் கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருந்த படை. பிரிட்டிஷ் மன்னரின் ராணுவத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் படைப்பிரிவு 39-வது ரெஜிமென்ட். கூட் வந்தது அதில்தான்.

'நான் ராஜாவின் ஆள், நீ கம்பெனி ஆள்' என்ற கௌரவப் பிரச்னை அன்று முதலே ஆரம்பித்துவிட்டது. 1757 ஜனவரியில் கல்கத்தாவை மீட்டபோது, கோட்டை யார் பொறுப்பில் இருப்பது என்று ராபர்ட் கிளைவிடமே கூட் மல்லுக்கு நின்றார். கைது செய்துவிடுவேன் என்று கிளைவ் மிரட்டும் அளவுக்குப் போனது தகராறு. கோபக்காரர் என்ற பெயர் கடைசிவரை கூட்டை விடவில்லை.

ஆனால், களத்தில் அவருடைய கணக்கு தப்பாது என்பதற்கும் அதே வருடம் சாட்சி. பிளாசி போருக்கு இரண்டு நாள் முன்னால், ஜூன் 21 அன்று அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். உடனே தாக்குவதா, காத்திருப்பதா? கிளைவ் உட்படப் பெரும்பான்மையினர் காத்திருக்கலாம் என்றார்கள். கூட் எதிர்த்தார். தாமதித்தால் பிரெஞ்சுக்காரர்கள் நவாபுடன் சேர்ந்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். கூட்டம் கலைந்த கொஞ்ச நேரத்தில் கிளைவும் மனம் மாறினார். ஜூன் 23-ல் பிளாசியில் நடந்தது இந்தியாவின் தலையெழுத்தையே மாற்றியது.

வந்தவாசியில் ஒரு காலை

1759 இறுதியில் கூட் சென்னைக்கு வந்தார். தமிழ்நாட்டில் அப்போது ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் வாழ்வா, சாவா போட்டி. நவம்பர் 30-ல் வந்தவாசிக் கோட்டையையும், டிசம்பரில் கருங்குழியையும் பிடித்தார் கூட். வந்தவாசியை மீட்டே தீருவேன் என்று கிளம்பி வந்தார் பிரெஞ்சுத் தளபதி கவுண்ட் டி லாலி.

1760 ஜனவரி 22. இரு தரப்பிலும் ஏறத்தாழ 2,000 ஐரோப்பிய சிப்பாய்கள், அவர்களுடன் நம் ஊர் சிப்பாய்கள், குதிரைப்படை. சண்டை உச்சத்தில் இருந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் அரணாக வைத்திருந்த ஏரிக்கரை அருகே ஆங்கிலேயரின் குண்டு ஒன்று வெடிமருந்து வண்டியில் விழுந்தது. வண்டி வெடித்துச் சிதறியதில் பலர் அங்கேயே மாண்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் சிதறி ஓட, கூட் அந்த இடத்தைக் கைப்பற்றினார். பிரெஞ்சுப் படையின் இன்னொரு பெரிய தளபதியான புஸ்ஸி சிறைபிடிக்கப்பட்டார்.

அதோடு கூட் நிற்கவில்லை. சேத்துப்பட்டு, ஆற்காடு, காரைக்கால் என்று ஒவ்வொன்றாக வளைத்து, கடைசியில் புதுச்சேரியை முற்றுகையிட்டார். 1761 ஜனவரி முதல் நாள் வீசிய பெரும் புயலில் கடலில் காவல் நின்ற ஆங்கிலேயக் கப்பல்கள் பல சேதமாயின. அப்படியும் முற்றுகை தளரவில்லை. சோற்றுக்கு வழியில்லாமல் ஜனவரி நடுவில் புதுச்சேரி சரணடைந்தது. அன்றாட நடப்புகளைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்துவிட்டுப் போன ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் அதே ஜனவரியில்தான். வெள்ளை நகரத்தின் கோட்டை கொத்தளங்களை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள்.

தோற்ற லாலிக்கு என்ன ஆனது தெரியுமா? பாரிஸில் விசாரணை நடத்தி 1766-ல் தலையை வெட்டிவிட்டார்கள். ஜெயித்த கூட்டுக்கு லண்டனில் கம்பெனி வைரம் பதித்த வாள் பரிசளித்தது.

பெரிய பதவி, பெரிய பில்!

ஊர் திரும்பிய கூட் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 'சர்' பட்டமும் வந்தது. நடுவில் 1769-ல் சென்னைக்குத் தலைமைத் தளபதியாக வந்து, ஆட்சியாளர்களோடு ஒத்துப்போகாமல் சீக்கிரமே திரும்பிப் போனார்.

1779-ல் மறுபடி இந்தியா. இம்முறை இந்தியாவில் உள்ள கம்பெனிப் படைகள் அனைத்துக்கும் தலைமைத் தளபதி. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ், கூட்டைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளப் பெரிய படித்தொகை கொடுத்தார். அதில் ஒரு பகுதியை அயோத்தி நவாப் தலையில் கட்டினார். கூட் அயோத்தியை விட்டுப் போன பிறகும் அந்தப் பணம் வசூலானது. பிற்காலத்தில் ஹேஸ்டிங்ஸ் மீது லண்டனில் வழக்கு நடந்தபோது இதுவும் பேசுபொருள் ஆனது. போர்க்களத்தில் தைரியசாலியான கூட், பண விஷயத்தில் தாராளமாகக் கைநீட்டியவர் என்ற விமர்சனம் அழியவே இல்லை.

செங்கம் வழியாக வந்த புயல்

1780 ஜூலை. 80,000-க்கும் மேற்பட்ட படையுடன் மைசூரிலிருந்து செங்கம் கணவாய் வழியாக இறங்கினார் ஹைதர் அலி. இன்றைய திருவண்ணாமலை மாவட்டம்தான் அவர் காலடி வைத்த முதல் சமவெளி. சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்கள் எரிந்தன. வயல்கள் அழிக்கப்பட்டன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. எதிரிப் படைக்கு ஒரு பிடி அரிசிகூடக் கிடைக்கக் கூடாது என்பது ஹைதரின் திட்டம்.

செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நிர்மூலமானது. ஹைதரும் அவர் மகன் திப்புவும் சேர்ந்து பெற்ற வெற்றி. மைசூர் ராக்கெட்டுகள் பேர் வாங்கிய சண்டை அது. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைக்குப் போனவர்கள் அந்தப் போரைச் சுவர் முழுக்க ஓவியமாகப் பார்த்திருப்பார்கள். சில மைல் தொலைவில் இருந்த சர் ஹெக்டர் மன்றோ, பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். நவம்பர் தொடக்கத்தில் ஆற்காடும் ஹைதர் கையில்.

'கூட்டை அனுப்புங்கள்' என்று ஹேஸ்டிங்ஸ் முடிவெடுத்தார். 1780 நவம்பர் 5 அன்று சென்னையில் வந்து இறங்கினார் கூட். வயது 54. உடம்பு ஏற்கெனவே தளர ஆரம்பித்திருந்தது.

ஜெயித்தும் நகர முடியாத படை

அடுத்த ஒன்றரை வருடத்தைப் பார்த்தால் விநோதமாக இருக்கும். கூட் ஜெயித்துக்கொண்டே இருக்கிறார். ஆனால், போர் முடியவே இல்லை!

காரணம், மாடுகளும் அரிசியும். அந்தக் காலத்துப் படை என்பது நகரும் ஊர். சிப்பாய்களின் அரிசி, பீரங்கி, குண்டு, கூடாரம் எல்லாமே மாட்டு முதுகிலும் வண்டியிலும்தான் போக வேண்டும். நாட்டில் மாடே இல்லாமல் ஹைதர் செய்துவிட்டார். கூட்டிடம் நல்ல குதிரைப்படையும் இல்லை. ஹைதரிடமோ ஆயிரக்கணக்கான குதிரைகள். தோற்றால் குதிரையைத் தட்டிவிட்டு விலகிப் போவார். மறுநாள் வேறொரு பக்கத்தில் வந்து நிற்பார். துரத்திப் போக கூட்டால் முடியாது. கையில் உள்ள சில நாள் அரிசி தீர்வதற்குள் சென்னைக்கோ கடற்கரைக்கோ திரும்பியாக வேண்டும்.

1781 தொடக்கத்தில் வந்தவாசியைக் காப்பாற்றினார் கூட். ஃபிளின்ட் என்ற லெப்டினன்ட் சின்னஞ்சிறு படையை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையை ஹைதரிடம் விடாமல் தாக்குப்பிடித்திருந்தார். அங்கிருந்து கடலூர் போன கூட், மாதக்கணக்கில் அங்கேயே முடங்கினார். பிப்ரவரியில் பிரெஞ்சுக் கப்பல் படை கடலூர் அருகே வந்து நின்றது. கடல் வழியையும் அடைத்திருந்தால் கூட்டின் படை பட்டினியால் சரணடைந்திருக்கும். ஆனால், பிரெஞ்சுக் கப்பல்கள் திரும்பிப் போய்விட்டன. ஆங்கிலேயரின் நிலத்து வளங்களை என்னால் அழிக்க முடியும், கடலை வற்ற வைக்க முடியாதே என்று ஹைதர் வருந்தியதாகச் சொல்வார்கள்.

ஜூன் 18-ல் சிதம்பரத்தைத் தாக்கினார் கூட். கோட்டைபோல மதில் கொண்ட கோயிலுக்குள் ஹைதரின் படையும் தானியமும் இருந்தன. அங்கே கூட்டுக்குக் கிடைத்தது தோல்விதான். அந்தத் தெம்பில் ஹைதர் நேருக்கு நேர் மோத வந்தார். ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டை மணல் மேடுகளுக்கு நடுவே நடந்த சண்டையில் சுமார் 8,500 பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஹைதரின் பெரும்படையைப் பின்வாங்கச் செய்தார் கூட். அன்றைய சண்டையில் ஸ்காட்லாந்து வீரர்கள் விடாமல் வாசித்த பேக்பைப் இசையைக் கேட்டு, வெள்ளியில் பேக்பைப் வாங்கித் தருகிறேன் என்று அவர் கத்தியதாக ஒரு கதையும் உண்டு.

ஆகஸ்ட் 27-ல் மறுபடி பொள்ளிலூர். முந்தைய வருடம் ஜெயித்த ராசியான இடம் என்று ஹைதர் அதையே தேர்ந்தெடுத்தாராம். முடிவு இழுபறி. செப்டம்பர் 27-ல் சோளிங்கர். இங்கே கூட்டுக்குத் தெளிவான வெற்றி. இன்றைய இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் பெற்றிருக்கும் பழைய போர் மரியாதைகளில் 'சோளிங்கர்' என்ற பெயரும் இருக்கிறது. காரணம், கூட்டின் படையில் பெரும்பகுதி தமிழ், தெலுங்குச் சிப்பாய்கள். வெள்ளைக்காரத் தளபதியின் பெயரில் எழுதப்பட்ட வெற்றிகளுக்குப் பின்னால் நடந்த கால்கள் நம் ஊர்க் கால்கள்!

வழியில் விழுந்தார்… ஆனாலும் நிற்கவில்லை

வேலூர்க் கோட்டை ஆங்கிலேயர் கையில் இருந்தது. ஆனால், உள்ளே இருந்தவர்கள் பட்டினி. 1782 ஜனவரியில் அரிசி மூட்டைகளுடன் வேலூருக்குப் புறப்பட்டார் கூட். ஜனவரி 5 அன்று, பயணத்தின் நடுவில், பக்கவாதம் தாக்கி நினைவிழந்து கிடந்தார். பிழைப்பாரா என்று மற்ற அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். கொஞ்சம் தெளிந்ததும் பல்லக்கில் ஏற்றச் சொன்னார், படையை நகர்த்தச் சொன்னார். சில நாள்களில் அரிசி வேலூர் போய்ச் சேர்ந்தது.

ஆனால், நிலைமை மோசமாகிக்கொண்டே இருந்தது. பிப்ரவரியில் தஞ்சாவூர்ப் பகுதியில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையைத் திப்பு வளைத்துப் பிடித்தார். மார்ச்சில் பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கியது. ஏப்ரலில் கடலூர் விழுந்தது. மே மாதம் பெருமுக்கல் கோட்டையும் போனது. அடுத்த குறி வந்தவாசி.

ஏன் ஆரணி?

கூட் வந்தவாசிப் பக்கம் நகர்ந்தார். ஹைதரோ வசதியான மேட்டில் உட்கார்ந்துகொண்டு சண்டைக்கு வர மறுத்தார். அவரை எப்படி இழுப்பது? வயிற்றில் கைவைத்தால் வருவார்! ஹைதரின் படைக்கான தானியமும் வெடிமருந்தும் பெருமளவில் சேமிக்கப்பட்டிருந்த இடம் ஆரணிக் கோட்டை.

ஆரணிக்குப் போர் புதிதல்ல. ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு, 1751 டிசம்பரில் கிளைவ் தன் எதிரிகளை விரட்டி வந்து தோற்கடித்தது இங்கேதான். ஆற்காடு, வேலூர், வந்தவாசி என முக்கியமான கோட்டைகள் எல்லாம் இங்கிருந்து ஓரிரு நாள் நடை. மராட்டிய ஜாகீர்தார்களின் ஊர். பக்கத்திலேயே கமண்டல நாகநதி. சேமிப்புக் கிடங்கு வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கூட் ஆரணியை நோக்கித் திரும்பினார் என்று தெரிந்ததும், அவர் எதிர்பார்த்தபடியே ஹைதர் பதறினார். திப்புவையும் பிரெஞ்சுத் தளபதி லாலியையும் கோட்டையைக் காக்க முன்னால் அனுப்பினார். இந்த லாலி, வந்தவாசியில் தோற்ற லாலி இல்லை, அதே பெயர்கொண்ட வேறொருவர். ஹைதர் தன் பெரும்படையோடு விரைந்து பின்னால் வந்தார்.

1782 ஜூன் 2. கோட்டைக்கு அருகே வந்து முகாம் அடிக்க கூட்டின் ஆட்கள் இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பின்பக்கமிருந்து பீரங்கிச் சத்தம். ஹைதர் வந்துவிட்டார்! முன்னால் திப்புவும் லாலியும், பின்னால் ஹைதர், நடுவில் தாழ்வான நிலத்தில் கூட்டின் படை. மாட்டு வண்டிகள், மூட்டை முடிச்சுகள், நோயாளிகள் எல்லாமும் கூடவே. குழம்பியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

ஆனால், பழைய கூட் விழித்துக்கொண்டார். மூட்டைகளைப் பாதுகாப்பாக ஒதுக்கி, படையைப் போர் வரிசைக்குத் திருப்பி, பின்னால் வந்த ஹைதரை நோக்கி முன்னேறினார். நேரம் எடுத்தது. ஆனால், வரிசை நேராகி நடக்கத் தொடங்கியதும் மைசூர்ப் படை வழக்கம்போலப் பின்வாங்கியது. ஆற்றைக் கடக்கும்போது பீரங்கி ஒன்று ஆற்றுப்படுகையில் சிக்கிக்கொண்டது. அதையும், வெடிமருந்து வண்டிகள் சிலவற்றையும் கூட்டின் படை கைப்பற்றியது.

வெற்றிதான். ஆனால், என்ன பயன்? படை ஹைதரை விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், திப்புவின் ஆட்கள் கோட்டையைப் பலப்படுத்திவிட்டார்கள். முற்றுகை போட்டுக் காத்திருக்க கூட்டிடம் அரிசி இல்லை. சில நாள்களில் ஆரணியைவிட்டுத் திரும்பி, ஜூன் முடிவதற்குள் சென்னை போய்ச் சேர்ந்தார். தானியம் கோட்டைக்குள்ளேயே இருந்தது. அயர் கூட் போர்க்களத்தில் படை நடத்தியது அதுவே கடைசி.

இரண்டு முதியவர்கள்

யோசித்துப் பார்த்தால், ஆரணியில் மோதிக்கொண்டவர்கள் இரண்டு நோயாளிகள். கூட்டுக்குப் பக்கவாதம். அறுபதை ஒட்டிய ஹைதருக்கோ முதுகில் வந்த கட்டி உயிரைக் குடிக்கக் காத்திருந்தது. 1782 டிசம்பர் 7-ல் சித்தூர் அருகே தன் முகாமில் ஹைதர் இறந்தார். சேதி பரவினால் படை கலைந்துவிடும் என்று, திப்பு வந்து சேரும்வரை மரணத்தை மறைத்து வைத்தார்கள்.

உடம்பு முடியாமல் கல்கத்தா போயிருந்த கூட், 1783 வசந்த காலத்தில் மறுபடி சென்னைக்குக் கப்பல் ஏறினார். வழியில் பிரெஞ்சுக் கப்பல்கள் துரத்தின. கப்பலில் போருக்கான பணமும் இருந்தது. பிடிபட்டுவிடுவோமோ என்ற பதற்றத்தில் மேல்தளத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தவரை மறுபடியும் பக்கவாதம் தாக்கியது. சென்னையில் இறக்கினார்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் உயிர் பிரிந்தது. ஹைதர் இறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

கூட்டின் உடல் இங்கிலாந்துக்குக் கொண்டு போகப்பட்டு ஹாம்ப்ஷயரில் அடக்கம் செய்யப்பட்டது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் சிற்பி தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய நினைவுச் சின்னம் இருக்கிறது. சிப்பாய்களுக்கு அவர் 'கூட் பகதூர்'. சென்னையில் மாட்டியிருந்த அவருடைய படத்துக்கு முன்னால் வயதான சிப்பாய்கள் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள் என்று வரலாற்றாசிரியர் வில்க்ஸ் எழுதியிருக்கிறார்.

கணக்கில் வராதவர்கள்

தளபதிகளுக்குச் சிலை கிடைத்தது. ஊருக்கு என்ன கிடைத்தது?

இரு படைகளும் மாறி மாறி நடந்த நிலம் இரண்டு வருடம் விளையவில்லை. பிழைக்க வழி தேடி ஜனங்கள் சென்னைக்கு நடந்தார்கள். அங்கும் அரிசி கப்பலில்தான் வரவேண்டும். 1782 அக்டோபரில் வீசிய புயலில் சென்னைக் கரையில் நின்ற அரிசிக் கப்பல்கள் மூழ்கின. தெருவில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. அந்தப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுவதற்காகத் தொடங்கப்பட்டதுதான் வடசென்னையின் மணியக்காரர் சத்திரம். மக்கள் வைத்த பெயர் 'கஞ்சித் தொட்டி'. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னையில் வயதானவர்கள் சிலர் இன்றும் அதைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்வார்கள்.

ஆக, கூட்டின் கடைசிப் போர் நமக்கு விட்டுப்போன நினைவுச் சின்னம் லண்டனில் மட்டும் இல்லை. ராயபுரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் பழைய பெயரிலும் இருக்கிறது.

அடுத்த முறை ஆரணிக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள், கடையில் வீட்டுப் பெண்கள் பார்டரையும் முந்தானையையும் பிரித்துப் பார்க்கும் நேரத்தில், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோட்டை மைதானம் பக்கம் ஒரு நடை போய் வரலாம். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த போர்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல, அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஒரு மூட்டை அரிசிக்காக இரண்டு பெரிய படைகள் மோதிய மண் அது.